பூனைக்கும் சலரோகமா?

சென்ற ஆண்டு மாசி மாதத்திலே எமது வீட்டு முற்றத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் சட்டி அடிக்கடி வெறுமையாயிற்று. வெயிலின் கொடுமை என்று எண்ணி வாளாவிருந்தோம். செம்பன் என்று நாம் அழைக்கும் ஒன்பது வயதுக் கடுவன் பூனையே அதனைக் குடித்துத் தீர்க்கின்றது என்பதை அறிய எமக்கு இரண்டு வாரங்கள் சென்றன. அது முன்னரிலும் கூடுதலாக உண்டது. ஆயினும் முதுகெலும்பு தெரியும்படி மெலிந்தது. நாளடைவிலே, பின்னங்கால்களின் குதிகாலை நிலத்திற் பதித்து, முயல் இருப்பதுபோலத் தாழ்ந்து நடக்கவும் தொடங்கிற்று. அதன் பின்னரே மிருக வைத்தியரை நாடினோம்.

மிகுந்த தாகம், மிகுந்த சலம், மிகுந்த பசி, அத்துடன் மெலிவு. இந்நான்கும் ஒருங்கே தோன்றின் அது சலரோகமாயிருக்கலாம் என்பது மனிதருக்கு மாத்திரமன்றிப் பூனைக்கும் பொருந்தும். நான்கு கிலோ நிறையுள்ள பூனை ஒன்று நாளொன்றுக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்குமாயின் ஐயுறுதல் வேண்டும். குதிகால் பதித்து நடத்தல், சீனி மிகுதியால் நரம்புகள் தளர்ந்தமையின் அடையாளம். நடுத்தர வயதைக் கடந்த, உடல் பருத்த, நலமடித்த கடுவன்களையே இந்நோய் பெரிதும் பற்றுகின்றது. எமது செம்பன் இம்மூன்று தகுதிகளும் குறைவறப் பெற்றவன்!

வைத்தியர் இரத்தத்திற் சீனி கூடியிருக்கக் கண்டும் உடனே முடிவு கூறினாரல்லர். பூனையானது அச்சங்கொண்டால், நோயில்லாத வேளையிலும் அதன் இரத்தச் சீனி வெகுவாக உயர்ந்துவிடும். கூடையில் அடைபட்டு, முச்சக்கர வண்டியிற் குலுங்கி, நாயின் குரலைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த பூனைக்கு அச்சமில்லாதிருக்குமோ? ஆதலாற் சலத்தையும் சோதித்து, கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் புரக்டோசமீன் என்னும் சோதனையையும் செய்வித்த பின்னரே, சலரோகந்தான் என்றார். காலையும் மாலையும், பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில், இன்சுலின் ஊசி ஏற்றவேண்டும் என்பது அவர் கட்டளை.

அன்றிரவு வீட்டிலே ஒரு வழக்கு நடந்தது. "மனிசருக்கே மருந்து வாங்க வழியில்லாத காலத்திலை பூனைக்கு ஊசியோ?" என்று கேட்டார் எமது மாமியார். அவர் பத்தாண்டுகளாகச் சலரோகத்துடன் வாழ்பவர். அவருடைய கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட இயலவில்லை. மாத வருமானம் ஒன்று; செலவினங்கள் பல. பூனையின் மருந்துக்காகப் பிள்ளையின் பாடப்புத்தகம் தள்ளிப்போகுமாயின் அது முறையாகாது. ஆயினும் ஒன்பது வருடம் எம் மடியிலே உறங்கிய சீவனை, நோயுற்றது என்பதற்காக என்ன செய்வது? சாக்கிலே கட்டிச் சந்தையடியில் விட்டுவிடுவோர் எம்மிடையே உள்ளனர். அதனை நாம் செய்யமாட்டோம் என்பதில் மாத்திரம் வீடு முழுவதும் ஒருமனதாயிருந்தது. எனவே, கணக்குப் போட்டுப் பார்த்தோம். அக்கணக்கையே இவ்வாரம் நேயர்கள்முன் வைக்கின்றோம்.

முதலில் மருந்து. எமது வைத்தியர் எழுதியது மனிதருக்குரிய கிளார்ஜின் இன்சுலின். அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு உண்டு. தொடக்கத்தில் வேளைக்கு ஓர் அலகும், பின்னர் இரண்டு அலகும் குறித்தார். வேளைக்கு இரண்டு எனின் நாளுக்கு நான்கு. மாதத்துக்கு 120 அலகு. பத்து மில்லிலீற்றர்ப் போத்தலில் 1000 அலகு இருக்கின்றது. அதனைச் செம்பன் முடிப்பதற்கு எட்டு மாதங்களுக்கு மேலாகும். திறந்த மருந்தோ அதற்கு வெகு முன்னரே பழுதாகிவிடும். அலகுக் கணக்கில் மலிவென்று பெரிய போத்தலை வாங்குதல் வீண் செலவு. மூன்று மில்லிலீற்றர்க் குழாயில் 300 அலகு மாத்திரமே உண்டு. பூனைக்கு அதுவே போதும். திறந்தபின் 28 நாட்கள் என்பது உற்பத்தியாளர் இடும் கெடு. குளிரிற் பேணிய மருந்தை அதற்கு அப்பாலும் பாவிக்கலாமா என்பதை உங்கள் வைத்தியரிடமே கேட்டறிக. கலங்கினாலோ, துகள் மிதந்தாலோ எறிந்துவிடுக.

இரண்டாவது ஊசிக்குழல். இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. மிருகங்களுக்கென்றே செய்யப்படும் சில இன்சுலின்களில் மில்லிலீற்றருக்கு 40 அலகே உண்டு. அவற்றுக்குரிய ஊசிக்குழலும் வேறு. நாற்பதுக்குரிய குழலில் நூற்றுக்குரிய மருந்தை அதே கோட்டளவுக்கு நிரப்பினால், இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். மருந்தின் பெயரையும் குழலின் இலக்கத்தையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டு வாங்குக. ஒரே ஊசியைப் பன்முறை பாவித்துக் காசை மீதப்படுத்த முற்படுவதும் தகாது. முனை மழுங்கிய ஊசி நோகும். நொந்த பூனை மறுநாள் கட்டிலின்கீழ் ஒளித்துக்கொள்ளும். கூரிய புது ஊசியைத் தோளருகே தளர்ந்த தோலை உயர்த்தி ஏற்றினால், உண்டுகொண்டிருக்கும் பூனை தலையையும் நிமிர்த்தாது. பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் இட்டு மூடிவைத்தல் வேண்டும்.

மூன்றாவது சோதனை. இதிலேதான் எமது மாமியார் கைகொடுத்தார். அவருடைய சீனி அளக்கும் கருவி வீட்டிலேயே இருந்தது. பூனையின் காதோரத்தை வெதுவெதுப்பான துணியாற் சற்றுச் சூடாக்கி, புதிய ஊசிமுனையாற் குத்தினால், அச்சிறு துளி இரத்தம் போதுமானது. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தை உள்ளதிலும் சற்றுக் குறைவாகவே காட்டும். எனினும், ஏற்ற இறக்கத்தை அறிய அது உதவும். வீட்டிலே, பழகிய மடியிலே எடுத்த அளவு, வைத்தியசாலையில் அஞ்சி நடுங்கியபோது எடுத்த அளவைவிட நம்பத்தக்கதுமாகும். ஊசிக்கு முன்னர் 200 என்ற அளவுக்குக் கீழே காட்டினால் மருந்து ஏற்றாது தம்மை அழைக்குமாறு எமது வைத்தியர் கூறியிருந்தார். அந்த எல்லையை அவரவர் வைத்தியரே வகுத்தல் வேண்டும். கருவி இல்லாதோர் சலத்திலே தோய்க்கும் பட்டியைப் பாவிக்கலாம். அதன் செலவு குறைவு. ஆனால், அது சீனி கூடியதைக் காட்டுமேயன்றி ஆபத்தான அளவுக்குக் குறைந்ததைக் காட்டாது.

நான்காவது உணவு. மீன்குழம்பு பிசைந்த சோறே எம்நாட்டுப் பூனைகளின் பரம்பரை உணவு. பூனையோ இயற்கையில் ஊனுண்ணி. மாச்சத்தைப் பெருமளவிற் கையாள அதன் உடல் அமையவில்லை. சோறு, பாண், விசுக்கோத்து ஆகியவற்றை நீக்கி, வேகவைத்த மீனும் கோழியிறைச்சியும் கொடுக்கத் தொடங்கினோம். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு. ஆகவே கறிச்சட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தல் ஆகாது. தனி மீனும் நிறையுணவன்று. பூனைக்கென்று தயாரித்த ஈரமான தகர உணவைச் சேர்த்துக்கொள்ளல் நன்று. தானியம் மிகுந்த உலர் உணவு மலிவாயினும் மாச்சத்து மிகுந்தது. இங்கே இரு எச்சரிக்கைகள் உள. சோற்றை நிறுத்தும்போது இன்சுலினின் அளவும் குறைக்கப்பட வேண்டியிருக்கலாம். வைத்தியருக்கு அறிவியாது உணவை மாற்றாதீர்கள். மற்றையது, பருத்த பூனையைப் பட்டினி போடாதீர்கள். அதன் ஈரல் கொழுப்பேறிக் கெட்டுவிடும்.

மாமியாரின் மாத்திரையிற் பாதியைப் பூனைக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டோரும் உண்டு. மனிதரின் சலரோக மாத்திரை பூனைக்கு அவ்வாறே பொருந்துவதில்லை. பூனைக்கென்றே ஒரு மாத்திரை 2022ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும், முன்னர் இன்சுலின் ஏற்றப்பட்ட பூனைக்கு ஆகாது என்ற நிபந்தனையுடனேயே வந்தது.

இவ்வாறெல்லாம் கணக்கிட்டு, இரண்டு மாதம் ஒழுங்காக நடத்தினோம். செம்பனின் தாகம் தணிந்தது, நிறை கூடிற்று. எமக்குப் பெருமையும் கூடிற்று. அப்பொழுதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மாலை ஊசி எமது மகனின் பொறுப்பு. அன்று வகுப்புக்கு விரைந்த அவன், ஐந்தரை மணிக்கே ஊசியை ஏற்றிவிட்டுச் சென்றான். ஆறு மணிக்கு வீடு திரும்பிய நாம், பிள்ளை மறந்துவிட்டான் என்று எண்ணி மறுபடியும் ஏற்றினோம். ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. எட்டரை மணியளவில் செம்பன் வெறியுண்டவன்போலத் தள்ளாடினான், சுவரோடு மோதினான், பின்னர் படுத்தபடி நடுங்கத் தொடங்கினான். சீனி மிகுந்தால் நோய் மெல்ல மெல்லக் கொல்லும். சீனி குறைந்தாலோ மணித்தியாலங்களிற் கொன்றுவிடும் என்பதை வைத்தியர் கூறியிருந்தும், கண்டது அன்றுதான்.

எமக்குக் கை ஓடவில்லை. சீனியைச் சிறிது தண்ணீரிற் கரைத்துக் கொண்டுவந்தவர் மாமியாரே. தமக்கு இவ்வாறு வந்த இரவுகளை அவர் அறிவார். வாயினுள் ஊற்றாமல், விரலாற் தொட்டுத் தொட்டு முரசிலே பூசினார். நினைவு தளர்ந்த பிராணியின் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழலிற் சென்றுவிடும். முச்சக்கர வண்டியிலும் வழிநெடுகப் பூசிக்கொண்டே வந்தார். வைத்தியர் நரம்பின் வழியே குளுக்கோசு ஏற்றினார். விடியும்வரை காத்திருந்தோம், பூனை பிழைத்தது. அந்த ஓரிரவுக்கு நாம் கொடுத்த பணம், இரண்டு மாத மருந்துச் செலவிலும் அதிகம்.

மறுநாட் காலை மகனை நாம் ஏசவில்லை. பிழை அவனுடையது மாத்திரமன்று. கடைக்குச் சென்று ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிவந்தான். கோடிட்டு, திகதி, நேரம், உண்டதா, சீனி அளவு, எத்தனை அலகு, ஏற்றியவர் கையொப்பம் என ஆறு நிரல்கள் வகுத்தான். கொப்பி குளிர்சாதனப் பெட்டியின் மேலே, மருந்தை எடுக்கும் கை அதைத் தொடாமற் செல்ல இயலாத இடத்தில் இருக்கின்றது. கையொப்பம் இருந்தால் ஊசி இல்லை. ஏற்றியதோ இல்லையோ என்று ஐயம் எழுந்தாலும் ஊசி இல்லை. ஒருவேளை தவறினாற் பெருங்கேடு வாராது, இருமுறை ஏற்றினால் உயிர் போகும். பூனை உண்ணாவிடின் வைத்தியரைக் கேளாமல் ஊசி இல்லை. எமது வீட்டிலே வாங்கிய மருத்துவப் பொருள்கள் யாவற்றிலும் மலிவானது அக்கொப்பியே. மிகுந்த பணத்தை மீதப்படுத்தியதும் அதுவே.

மின்சாரம் தடைப்படின் மருந்தை எங்ஙனம் காப்பது என்று சிலர் கேட்கக்கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. இன்சுலினை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்தல் முறை, உறைந்தால் கெட்டுவிடும். மின்சாரம் இல்லாத நாட்களில் ஒரு பெரிய மண்பானையுள் சிறிய பானையை வைத்து, இடையே மணலிட்டு நனைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைக்கலாம். உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் குளிர் வாராது. ஆயினும் வெளி வெப்பத்தினின்றும் மருந்து காக்கப்படும். வறண்ட காற்றில் நன்கு குளிரும். மாரிகாலத்து ஈரக்காற்றிற் பயன் குறைவு.

இன்சுலின் என்னும் இம்மருந்தின் பிறப்பிலும் நாம் எண்ணிப்பார்க்கத்தக்க ஒன்றுண்டு. 1921ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ட் ஆகியோர் நாய்களின் கணையத்தைக்கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சியிலிருந்தே அது கிடைத்தது. 1922 சனவரியில் மரணத்தறுவாயில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது. பின்னர் பல்லாண்டுகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் மனிதருக்கு மருந்து எடுக்கப்பட்டது. எனவே, மாமியாரின் மருந்தைப் பூனைக்குக் கொடுக்கின்றோம் என்று எவரேனும் நகைப்பின், மிருகங்களிடம் நாம் பட்ட பழைய கடனில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுக்கின்றோம் என்றே விடை கூறுவோம்.

ஆயினும், எல்லா வீடுகளாலும் இது இயலும் என்று நாம் கூறோம். நேரந்தவறாது வீட்டில் இருக்க ஒருவரும் இல்லாத குடும்பங்கள் உண்டு. அரிசிக்கே கடன்படும் குடும்பங்களும் உண்டு. அத்தகையோர் வெட்கப்படாது வைத்தியரிடம் உண்மையைச் சொல்லட்டும். சோதனைகளைச் சுருக்கி, உணவையும் குறைந்த அளவு இன்சுலினையும் கொண்டு நடத்தும் வழியை அவர் காட்டக்கூடும். அதுவும் இயலாதெனின், வைத்தியர் கையால் நோவின்றி உறங்கச் செய்தல் கொடுமையன்று. சந்தையடியிலே தாகத்தால் நாட்கணக்காக வாடி இறக்க விடுதலே கொடுமை.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டு ஒழுங்காக நடத்தினால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலையும் வருவதுண்டு. செம்பனுக்கு அப்பேறு இன்னும் கிட்டவில்லை. வேளைக்கு ஓர் அலகு தொடர்ந்து நடைபெறுகின்றது. குதிகால் நிமிர்ந்து, மதிலின்மேல் ஏறும் அளவுக்குத் தேறிவிட்டான். இப்பொழுது கொப்பியின் காலை வரிகளிற் பெரும்பாலானவற்றிலே காணப்படும் கையொப்பம் எமது மாமியாருடையது. தமது ஊசியை ஏற்றிய கையோடு அவனுக்கும் ஏற்றிவிட்டு, இருவருக்குமாகத் தேநீர் வைக்கச் செல்கின்றார். அவனுக்குரியதையும் தாமே சீனியின்றிக் குடித்துவிடுகின்றார்.