சீமெந்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

இடம்பெயர்ந்து பிறர் காணியில் குடியிருக்கும்போது, "நாளை எங்கே இருப்போமோ, தோட்டம் எதற்கு?" என்ற கேள்வி எழுவது இயல்பே. சாந்தின்றி அடுக்கும் கற்கட்டு இதற்கு நல்ல விடை என்பது நமது கருத்து. நெடுந்தீவு மக்கள் முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கியே காணிகளுக்கு வேலி அமைத்தார்கள். அவ்வேலிகள் இன்றும் நிற்கின்றன.

மேட்டுப் பாத்திக்கு முழங்கால் உயரக் கட்டுப் போதும். இளகிய மேல்மண்ணை அகற்றி, உறுதியான தரையில் பெரிய கற்களை முதல் வரிசையாகப் பதிப்போம். இரு கற்கள் சேரும் இடத்தின் மேல் அடுத்த வரிசைக் கல் அமர வேண்டும். கட்டு மண் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். பின்புறத்தைச் சிறு கற்களால் நிரப்பினால், மாரி மழைநீர் இடுக்குகளால் வடிந்துவிடும்.

ஒன்றை மறவாதிருப்போம்: கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதி செய்யப்படாத காணியில் கல் பொறுக்கப் போகவே கூடாது.

ஊர் திரும்பும் நாளில் கற்களைப் பிரித்து எடுத்துச் செல்லலாம்; காணிக்காரருக்கே விட்டும் செல்லலாம். சீமெந்துக் கட்டை உடைக்கத்தான் முடியும். அதுவரை பிள்ளைகளின் சோற்றுக்குக் கீரையும் கத்தரியும் கிடைக்கும். கைகளும் தொழிலை மறவாதிருக்கும்.