ஏணியின் கீழ்ப்படியை வெட்டுகின்றார்கள்

ரொறன்ரோவில் வாழும் எம்மவர் பலருக்கு அரசியல் என்பது ஒட்டாவாவிலோ கொழும்பிலோ நடப்பது. வீதியில் பனி அள்ளுவதும், பேருந்து வருவதும், பிள்ளையின் பள்ளியில் தமிழ் வகுப்பு நடப்பதும் அரசியலாக எமக்குத் தெரிவதில்லை. இந்த அசட்டையை நன்கு அறிந்தவர்கள் குயின்ஸ் பார்க்கில் இருக்கின்றார்கள்.

2018 யூலை 27 ஆம் நாள் மாநகரசபைத் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் செய்வதற்கான இறுதி நாள். அதே நாளில்தான் முதல்வர் டக் ஃபோர்ட் ரொறன்ரோவின் வட்டாரங்கள் 25 ஆகக் குறைக்கப்படும் என்று அறிவித்தார். அதுவரை 44 வட்டாரங்கள் இருந்தன. மக்கள்தொகை பெருகியதால் அவற்றை 47 ஆக்க மாநகரசபை முடிவு செய்திருந்தது. ஏழு வாரங்களுக்கு முன் முடிந்த மாகாணத் தேர்தலின் பரப்புரையில் இதுபற்றி மூச்சுக்கூட விடப்படவில்லை. நான்கு ஆண்டுகளில் 25 மில்லியன் டொலர் மிச்சமாகும் என்பதே சொல்லப்பட்ட காரணம். இருபத்தெட்டு இலட்சம் மக்கள் வாழும் நகரில் இது ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு டொலர் சொச்சம், ஒரு கோப்பிக் காசு.

செப்டெம்பர் 10 இல் நீதிபதி எட்வேர்ட் பெலோபாபா இச்சட்டம் செல்லாது என்றார். உடனே, உரிமைகள் சாசனத்தையே ஓரங்கட்டிவைக்க இடந்தரும் 33 ஆம் பிரிவைப் பயன்படுத்தப்போவதாக முதல்வர் அச்சுறுத்தினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியதால் அதற்குத் தேவை ஏற்படவில்லை. 2021 அக்டோபர் 1 இல் உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழையில் மாகாணத்தின் பக்கமே நின்றது. மாநகரங்கள் மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கூறுகின்றது. சட்டம் அப்படித்தான். நீதி அப்படியா?

ஸ்காபரோவின் பத்து வட்டாரங்கள் ஆறாகச் சுருங்கின. 2017 இல் இடைத்தேர்தலில் வென்று ரொறன்ரோ மாநகரசபையின் முதல் தமிழ் உறுப்பினரான நீதன் சாண், விரிந்த புதிய வட்டாரத்தில் 154 வாக்குகளால் தோற்றார். அதே ஆண்டு யூனில் லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தெரிவானதை நாம் கொண்டாடினோம்; கொண்டாடியது பிழையன்று. ஆனால் அவர்கள் அமர்ந்திருந்த ஆளும் தரப்பே இச்சட்டத்தைக் கொண்டுவந்தது. இதுபற்றி அவர்களிடம் எம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

"இப்போது தமிழர் மீண்டும் வந்துவிட்டனரே" என்று சிலர் கூறக்கூடும். உண்மை. 2023 இல் பார்த்தி கந்தவேள், 2025 இல் மீண்டும் நீதன் சாண். இருவரும் இடைத்தேர்தல்களில் வந்தவர்கள். இடையில் ஐந்து ஆண்டுகள் எமக்கு அங்கே குரலில்லை. அதைவிட முக்கியமானது, இருவரும் கல்விச்சபை உறுப்பினர்களாக இருந்தவர்கள் என்பது. இன்னொருவர் யுவனிதா நாதன்: யோர்க் கல்விச்சபை, பின்னர் மார்க்கம் மாநகரசபை, 2025 இல் நாடாளுமன்றம். பெருஞ்செல்வமோ கட்சிச் செல்வாக்கோ இல்லாத குடியேறியவரின் பிள்ளை கால் வைக்கக்கூடிய முதற்படி கல்விச்சபைதான்.

2025 யூன் 27 இல் அந்தப் படியிலும் கோடரி விழுந்தது. ரொறன்ரோ கல்விச்சபை உட்பட நான்கு சபைகளை மாகாணம் கையகப்படுத்தி மேற்பார்வையாளர்களை நியமித்தது. மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது. நிதிச் சீர்கேடே காரணம் என்றார் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா. சீர்கேடு இருந்தால் கணக்காய்வு செய்யுங்கள், உறுப்பினரை மக்கள் தண்டிக்கட்டும். அதைவிட்டு அப்பதவியையே இல்லாதொழிப்பது பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியதன் பொருள் என்ன? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மூடினால் பெற்றோர் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவது? மேற்பார்வையாளருக்கு எம் வாக்குத் தேவையில்லை.

மேலிருப்பவர் நினைத்தால் கீழுள்ள சபை இல்லாமற்போகும் என்பது எமக்குப் புதிதன்று. வட மாகாணசபையின் பதவிக்காலம் முடிந்ததும் அதே 2018 அக்டோபரில்தான். அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. கனடாவைச் சிறிலங்காவோடு ஒப்பிடவில்லை. இங்கே குண்டு விழாது, நீதிமன்றம் உண்டு, எழுத உரிமை உண்டு. ஆயினும் அங்கே நடந்தபோது கொதித்த நாம், இங்கே நடந்தபோது தொலைக்காட்சித் தொடரை மாற்றவில்லை.

2022 மாநகரசபைத் தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தோர் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஆண்டின் இறுதியில், மாகாணம் விரும்பும் சில விடயங்களில் சபையின் மூன்றிலொரு பங்கினரின் ஆதரவுடனேயே நகரபிதா சட்டம் நிறைவேற்றலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். சிறுபான்மை வாக்கால் பெரும்பான்மையை வெல்லும் இந்த விந்தைக்கு எதிராக எம் சங்கங்கள் எத்தனை அறிக்கை விட்டன?

இளையோரே, உங்கள் தொகுதியின் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. பெற்றோரையும் அழைத்துச் சென்று, கல்விச்சபையின் அதிகாரம் மக்கள் தெரிவுசெய்தவர்களிடம் எந்தத் திகதியில் திரும்பும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.