மிஞ்சின சோறு

கலியாண மண்டபத்தில் மிஞ்சிப்போகிற சோற்றையும் சாம்பாரையும் பற்றி ஒரு தலையங்கமா என்று நமது தோழர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சோற்றைப் பற்றிப் பேசாமல் சுயமரியாதையைப் பற்றி மாத்திரம் பேசிக்கொண்டிருக்க வயிறு நிறைந்தவனால்தான் முடியும் என்பது நமது அபிப்பிராயம்.

கோயமுத்தூரில் 2014ஆம் வருஷத்தில் வாலிபர்கள் சிலர் கூடி 'நோ ஃபுட் வேஸ்ட்' என்ற பெயரால் ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்கிற காரியம் வெகு சாதாரணமானது. மண்டபத்திலோ ஓட்டலிலோ பந்தி முடிந்து அண்டாவில் சோறு மிஞ்சினால் ஒரு டெலிபோன் செய்தால் போதும். ஆள் வந்து, அது கெடாமலிருக்கிறதா என்று பார்த்து, வண்டியில் ஏற்றி, பசித்தவர்கள் இருக்குமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இதில் மந்திரமுமில்லை, மகாத்மியமுமில்லை. ஓரிடத்தில் அதிகமாயிருப்பதை இல்லாத இடத்திற்குக் கொண்டுபோகிறார்கள், அவ்வளவுதான்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து பீனிக்ஸ் நகரில் 1967இல் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு பாங்கியை ஆரம்பித்தார். அந்த யோசனையை அவருக்குக் கொடுத்தது எந்தப் பண்டிதரும் அல்ல; மளிகைக் கடையின் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கித் தன் குழந்தைகளை வளர்த்துவந்த ஓர் ஏழைத் தாய். பணத்தைப் போடவும் எடுக்கவும் பாங்கி இருக்கிறதே, சோற்றுக்கு ஏன் ஒன்று இருக்கக்கூடாது என்று அவள் கேட்டாள். பெரிய புத்தகங்களைப் படித்தவர்களுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிற்று.

நமது நாட்டு சங்கதிக்கு வருவோம். நம்மவர்கள் கலியாணத்தில் சோறு மிஞ்சினால்தான் கவுரவம் என்று எண்ணுகிறார்கள். கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்துபோயிற்று என்று சம்பந்தி வீட்டார் ஒரு சொல் சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவனுக்குத் தலைகுனிவு. ஆகவே ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை கொடுத்தவன் எழுநூறு பேருக்கு அரிசி களைகிறான். கடன் வாங்கிக் களைகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இருநூறு பேர் சாப்பாடு பொழுது சாயும்போது மண்டபத்தின் பின்பக்கத்துக் குழிக்குப் போகிறது. வட்டி மாத்திரம் மூன்று வருஷம் நிற்கிறது.

அந்தக் குழியை நாம் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். ஒரு பக்கம் நாய்கள், மறுபக்கம் மனிதர்கள். எச்சிலிலையை வழித்துத் தின்ற அந்த மனிதர்களைக் கண்டு எவரும் திடுக்கிடவில்லை. அது அவர்கள் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். எச்சிலிலையில் ஏழையின் பசியைக் கண்டு கூசாத நாட்டில், அதே எச்சிலிலையில் புண்ணியத்தைக் கண்டவர்களும் உண்டு. கரூர் ஜில்லா நெரூரில் பிறர் சாப்பிட்ட இலைகளின்மேல் உருளுகிற வழக்கத்தை ஐக்கோர்ட்டு 2015இல் தடுத்தது. 2024இல் ஒரு நீதிபதி அனுமதித்தார். 2025இல் இரு நீதிபதிகள் அந்த உத்தரவைத் தள்ளினார்கள்.

ஆதலால் ஒரு விஷயத்தை நாம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலையில் விட்டது எச்சில். அண்டாவில் நிற்பது சாப்பாடு. முன்னதை மனிதனுக்குக் கொடுப்பது அக்கிரமம். பின்னதை மனிதனுக்குக் கொடாமல் குழியில் கொட்டுவதும் அக்கிரமமே. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து நடக்கிற ஸ்தாபனத்தை மாத்திரமே நாம் ஆதரிக்கிறோம். வாங்குகிறவனைச் சோற்றுப் பொட்டலத்தோடு நிற்கவைத்து போட்டோ பிடித்து உலகத்துக்குக் காட்டுகிறவர்களை நாம் ஆதரிக்கவில்லை. பழைய அன்னதானப் பிரபு கல்லில் பேர் வெட்டிக்கொண்டான். இவன் போட்டோவில் வெட்டிக்கொள்கிறான்.

இனி, மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன லாபம் என்று பார்ப்போம். ஒரு கிலோ நெல் விளைவதற்கு, மழையும் பாசனமும் சேர்த்து, சராசரி சுமார் 2500 லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்கிறது. அண்டாவோடு சோற்றைக் கவிழ்க்கிறவன் வாய்க்காலையே கவிழ்க்கிறான். அதோடும் போகிறதில்லை. கொட்டின சோறு குப்பைமேட்டில் காற்றோட்டமில்லாமல் அடியில் கிடந்து அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும். குப்பைமேட்டில் ஒருமுறை நெருப்புப் பிடித்தால் சுலபத்தில் அணையாததற்கு இந்த வாயு ஒரு காரணம். சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும், கோயமுத்தூர் வெள்ளலூரில் 2024 ஏப்ரலிலும் குப்பைமேடுகள் நாட்கணக்கில் எரிந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அல்ல. பக்கத்தில் குடியிருந்த ஏழைகள்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் மாத்திரம் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் இது 19 சதவிகிதம். தோலும் எலும்பும் இந்தக் கணக்கில் சேர்த்திதான் என்பதையும் யோக்கியமாய்ச் சொல்லிவிடுகிறோம். இதில் பாதிக்கு மேல் வீணாக்கியது ஓட்டலும் அல்ல, கடையும் அல்ல, நம்முடைய வீட்டு அடுப்பங்கரைகளே! ஆகையால் மண்டபக்காரனைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே காலத்தில் உலகத்தில் 70 கோடிப் பேருக்கு வயிறு நிறையச் சோறில்லை.

நமது தோழர்களிலேயே சிலர் வேறொரு ஆட்சேபணை சொல்லுகிறார்கள். பணக்காரன் மிச்சத்தை வாங்கி ஏழைக்குக் கொடுத்தால், ஏழை அதோடு திருப்தியடைந்து, கூலியும் உரிமையும் கேட்க மறந்துவிடுவான் என்கிறார்கள். இது அலட்சியமாய்த் தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல. தானம் வளர்ந்த தேசத்தில் நியாயம் வளரவில்லை என்பதை நாமே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைக்குச் சர்க்கார் போடுகிற சத்துணவு, தயவல்ல, பாத்தியதை. அந்த இடத்தில் எவனுடைய மிச்சமும் வந்து நிற்கக்கூடாது. ஆனால் இன்றைக்கு ராத்திரி பட்டினி கிடக்கிறவனிடம், சமதர்மம் வந்த பிறகு சாப்பிடு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தவிரவும், பட்டினி கிடப்பவன் உரிமை கேட்டதைவிட, தின்று தெம்பாக இருந்தவன் கேட்டதே சரித்திரத்தில் அதிகம். பிரெஞ்சு தேசத்தில் 2016இல் சட்டமே செய்துவிட்டார்கள். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்கக் கூடாது. தரும ஸ்தாபனங்களுக்குக் கொடுக்க உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். மனமிருந்தால் கொடு என்பது அங்கே போய்விட்டது. நமது நாட்டிலும் மிஞ்சின உணவை மீட்டு வழங்குவதற்கு 2019இல் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. ஆனால் கொடுத்தே தீரவேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. அந்தக் கட்டாயத்தைக் கேட்க வேண்டியது தோழர்களின் வேலை.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. வடித்த சோற்றில் கொதிக்கும் சூட்டுக்கும் சாகாத கிருமி விதைகள் உண்டு. சோறு வெதுவெதுப்பாய் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து விஷம் கக்கும். அந்த விஷம் மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஆகவே பகல் பந்தியில் மிஞ்சியதை ராத்திரி ஞாபகம் வந்து கொடுப்பது கொடையல்ல. தேங்காய்ச் சட்டினியையும் மோரில் பிசைந்ததையும் கொடுக்கவே வேண்டாம். கடைசிப் பந்தி உட்காரும்போதே ஸ்தாபனத்தாருக்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். கரண்டி படாத அண்டாவை மூடித் தனியாக வைக்கும்படி சமையல்காரரிடம் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். அடுத்த முகூர்த்தத்திற்கு நாள் பார்த்திருக்கிற தோழர்கள் (நாள் பார்த்ததற்கு வேறொரு சமயம் அவர்களோடு சண்டை போடுவோம்) சமையல்காரரிடம் சாமான் ஜாபிதா எழுதும்போது, பத்திரிகை கொடுத்த தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்து அரிசி மூட்டையில் ஒன்றைக் குறைத்து எழுதட்டும்.