பங்கு தராதவருக்கு விசுவாசம் எதற்கு?

குமரிக் கரையில் உள்ள எங்கள் கடியப்பட்டணத்தில் விசுவாசம் என்பது எளிதில் வாயில் வரும் சொல் அல்ல. அது முதலில் பேதுரு, பவுல் ஆலயத்துக்கு உரிய சொல். அடுத்தபடியாகக் கடலுக்கு உரிய சொல். காற்று திரும்பிய இரவில் கூட வந்தவனை விட்டுவிட்டுக் கரையேறாதவனுக்கு ஊர் தரும் மரியாதை அது. இப்போது மூன்றாவதாக ஓர் இடத்திலும் அந்த உணர்வு வேர்விட்டிருக்கிறது. "நான் எப்பவும் நைக்கிதான்", "அடிடாஸ் தவிர வேற எதுவும் நம்ம காலுக்கு ஆகாது" என்று மணலில் பந்தாடும் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணனின் பெட்டியில் அசல் வருகிறது. அப்படி அண்ணன் இல்லாத வீட்டுப் பையன் நாகர்கோவிலிலோ இன்ஸ்டாகிராமிலோ 'பர்ஸ்ட் காப்பி' வாங்குகிறான். அதற்கும் வழியில்லாதவன், ஆடத் தெரிந்தும் ஓரமாக நிற்கிறான்.

பிள்ளைகளின் ஆசைக்கு ஒரு தலையங்கமா என்று கேட்கலாம். ஆசையைப் பற்றி நமக்கு வழக்கில்லை. விசுவாசத்தைப் பற்றித்தான் வழக்கு. ஒரு காலணி நிறுவனத்துக்கு வாங்குகிறவர் விசுவாசமாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் நிலை. நிறுவனம் முதலில் தன் காலணியைத் தைக்கும் கைகளுக்கு விசுவாசமாக இருக்கட்டும். அந்தக் கைகளில் பல நம் தமிழ்நாட்டுப் பெண்களின் கைகள்.

நல்ல காலணிமீது ஒரு பையனுக்கு இருக்கும் ஆசையை இழிவாகப் பேச இந்த மண்ணில் யாருக்கும் உரிமை இல்லை. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது என்று விதி இருந்தது. தென் திருவிதாங்கூரில் பெண்களின் மேலாடை உரிமைக்காக 1822-ல் மூண்ட தோள்சீலைப் போராட்டம், 1859-ல் அரச அறிக்கை வரும்வரை ஓயவில்லை. என் உடலில் நான் எதை அணிவது என்பதை இன்னொருவன் தீர்மானிக்க முடியாது என்று சொன்ன பெண்களின் மண் இது. அந்த வரலாற்றை அறிந்தவர்கள், பேரப்பிள்ளை நல்ல காலணி போட்டு நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்த மரியாதையைத் தருவது காலணி. அதன் பக்கவாட்டில் ஒட்டிய குறி அல்ல. யார் ஆடலாம், யார் ஓரமாக நிற்கலாம் என்று அன்று சாதி சொன்னது. இன்று அதையே ஒரு குறி சொன்னால் நாம் எதை வென்றோம்?

விசுவாசம் கேட்கும் நிறுவனங்கள் தாங்கள் எவ்வளவு விசுவாசமாக நடந்துகொண்டன என்பதைப் பார்ப்போம். நைக்கி 1964-ல் வேறு பெயரில் தொடங்கியபோது சொந்தமாக ஒரு காலணியும் செய்யவில்லை. ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் காலணிகளை அமெரிக்காவில் விற்றது. சில ஆண்டுகளில் அந்த உறவை முறித்துக்கொண்டு 1971-ல் தன் பெயரில் இறங்கியது. இரு தரப்பும் நீதிமன்றம் போயின. உற்பத்தி ஜப்பானிலிருந்து தென்கொரியாவுக்கும் தைவானுக்கும், பிறகு சீனா, இந்தோனேசியா, வியட்நாமுக்கும் நகர்ந்தது. கூலி ஏறிய இடத்தை விட்டுக் கூலி குறைந்த இடத்துக்குப் போவதே இந்தத் தொழிலின் வழக்கம். எந்த ஊருக்கும் அது விசுவாசமாக இருந்ததில்லை.

சொந்த நட்சத்திரங்களுக்காவது இருந்ததா? ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்றிருந்த ஓட்டக்காரர் அல்லிசன் ஃபெலிக்ஸ் 2019-ல் வெளிப்படையாக எழுதினார்: தாய்மைக்குப் பிறகு நைக்கி தமக்கு முன்பைவிட 70 விழுக்காடு குறைவாகத் தர முன்வந்தது என்று. பொதுமக்கள் கொதித்த பிறகுதான் கருவுற்ற வீராங்கனைகளைப் பாதுகாக்க ஒப்பந்த விதிகள் மாறின. உலகமே அறிந்த ஒரு வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாமல் பசையும் தையலுமாக நிற்கும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண் தூரதேசத்துக்காரி அல்ல. தைவானின் ஃபெங் டே குழுமம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரிலும் நைக்கிக்குக் காலணி செய்கிறது. கிராமம் கிராமமாகப் பேருந்து போய் ஏற்றிவரும் பெண்களே அங்கே பெரும்பான்மை. 2022-ல் தமிழக அரசு காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் காலணி செய்யும் பவ் சென் நிறுவனம் உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டுக்கும் 20 ஆயிரம் வேலைக்கும் ஒப்பந்தம் போட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் இன்னொரு காலணி நிறுவனமான ஹோங் ஃபு 1,500 கோடி ரூபாயில் ஆலை அமைக்க முன்வந்தது. 25 ஆயிரம் வேலை என்பது அறிவிப்பு. பையன்கள் காலைப் பார்த்துப் பெருமைப்படும் அந்தக் குறியின் முகவரி மெல்ல மெல்லத் தமிழ்நாடு ஆகிக்கொண்டிருக்கிறது.

வேலை வருவது நல்லது. வயல் காய்ந்த வீட்டில் மகளின் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் மறுக்கவில்லை. "வேலை கொடுக்கிறார்களே, அவர்களுக்கு நன்றியோடு இருக்க வேண்டாமா?" என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்வோம். நிலம் தமிழ்நாட்டினுடையது, சலுகை தமிழர் வரிப்பணம், உழைப்பு தமிழ்ப் பெண்களுடையது. கொடுத்தது நாமும்தான். அப்படியிருக்க நன்றி ஒருவழிப் பாதையாக இருக்க முடியாது. 2023 ஏப்ரல் 21-ம் தேதி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியதை நினைத்துப் பாருங்கள். உளுந்தூர்பேட்டை ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கே நாள் ஆகியிருந்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்ற பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. முதலீட்டை வரவேற்கும் அவசரத்தில் நம் பெண்களின் நான்கு மணி நேரத்தை நாமே தூக்கிக் கொடுக்கப் பார்த்தோம். கேள்வி கேட்டவர்கள் இருந்ததால் தப்பினோம்.

கேள்வி கேட்காத விசுவாசம் என்ன செய்யும் என்பதைக் குமரிக் கரை தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறது. ஒரு காலத்தில் வலை வாங்க, வள்ளம் வாங்க, மழைக்காலத்தில் அடுப்பெரிய, வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். அவர் சொல்வதுதான் விலை. பல வீடுகளில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே வியாபாரிக்கு மீன் கொடுத்தது. அதை அந்தக் காலத்தில் விசுவாசம் என்றுதான் சொன்னார்கள். 1970-களிலிருந்து கரையோர ஊர்களில் மீனவர் சங்கங்கள் எழுந்தபோதுதான் அதன் உண்மைப் பெயர் கடன் அடிமைத்தனம் என்பது வெளிப்பட்டது. சங்கம் மீனைத் திறந்த ஏலத்தில் விற்றது. வங்கிக் கடனுக்கு வழி செய்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைச் சேமிப்பாகப் பிடித்தது. பக்கத்து முட்டம் அந்த இயக்கத்தின் முக்கிய மையங்களில் ஒன்று. விலையைக் கேட்கும் உரிமை கிடைத்த நாளில்தான் மீன்பிடிப்பவனுக்கு முதுகு நிமிர்ந்தது.

இதே கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலம் முடிந்ததும் செலவு கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் உரியதை எடுத்து, மிச்சத்தைக் கடலுக்குப் போனவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். மீன் அதிகம் கிடைத்தால் பங்கு அதிகம். கிடைக்காத நாளில் வள்ளத்துக்காரனுக்கும் வெறுங்கை. இலாபத்திலும் நட்டத்திலும் கூட நிற்பவனுக்கே விசுவாசம் என்பதுதான் கடலின் நியாயம். இதைக் காலணிக்குப் பொருத்திப் பாருங்கள். 100 டாலருக்குக் கடையில் விற்கும் விளையாட்டுக் காலணி, ஆலை வாசலைத் தாண்டும்போது ஏறக்குறைய 25 டாலர்தான் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் பேசப்படும் கணக்கு. அந்த 25-லும் தைத்தவரின் கூலி மிகச் சிறிய துண்டு. மீதி பெயருக்கும் விளம்பரத்துக்கும் கடைக்கும் போகிறது. ஏலத்தில் இப்படி ஒரு பங்கீடு நடந்தால் எந்த ஊராவது ஒப்புக்கொள்ளுமா?

அப்படியானால் புறக்கணிப்போமா? வேண்டாம் என்கிறோம். ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை இழப்பது செய்யாற்றுப் பெண்தான். தலைமை அலுவலகத்தில் இருப்பவர் அல்ல. நாம் கேட்பது புறக்கணிப்பும் அல்ல, பக்தியும் அல்ல. காசு கொடுத்தவரின் கணக்குக் கேட்கும் உரிமை. அந்த உரிமை வேலை செய்திருக்கிறது. பாகிஸ்தானில் ஒரு சிறுவன் நைக்கிப் பந்து தைக்கும் படம் 1996-ல் அமெரிக்கப் பத்திரிகையில் வந்ததும் உலகம் கேள்வி கேட்டது. 1998-ல் நிறுவனர் ஃபில் நைட், தன் நிறுவனத்தின் பெயர் அடிமைக் கூலிக்கு மறுபெயராகிவிட்டதை மேடையிலேயே ஒப்புக்கொண்டு, காலணி ஆலைகளில் 18 வயது நிரம்பாதவரைச் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தார். 2005-ல் நைக்கி தன் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. இவற்றில் எதையும் விசுவாசிகள் கொண்டுவரவில்லை. கேள்வி கேட்டவர்கள் கொண்டுவந்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண், 2021 ஜனவரியில் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதன்பின் பெண்கள் தலைமையேற்ற ஒரு தொழிற்சங்கம் உலக அளவில் குரல் எழுப்பியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆலை நிர்வாகமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம் நிறுவனமும் சேர்ந்தது. பாலியல் தொல்லை புகாரை அச்சமின்றிச் சொல்ல வழி, தொழிலாளரே கண்காணிக்கும் ஏற்பாடு, மீறினால் வியாபாரத்தில் விளைவு என்பவை அதன் சாரம். சட்டைக்கு முடிந்தது காலணிக்கு முடியாதா?

ஆகவே சில கோரிக்கைகளை வைக்கிறோம். அரசு, ஆலைக்கு நிலமும் சலுகையும் தரும்போதே நிபந்தனைகளையும் எழுத வேண்டும்: சங்கம் அமைக்கத் தடை கூடாது, பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்புகார்க் குழு ஏட்டளவில் நிற்கக் கூடாது, குழந்தைகள் காப்பகம் வேண்டும், விடுதியை வெளியார் வந்து சோதிக்க வழி வேண்டும், தரும் கூலியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிறுவனங்கள் ஆலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே ஒரு பெண் மாதம் எவ்வளவு வாங்குகிறார், அவருக்குச் சங்கம் உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். விலை உயரும்போது கூலியும் உயர்ந்ததா என்று கடைக்காரரிடமும் இணையத்திலும் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஊருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பந்தாட்டக் குழுக்களும் ஆலயப் பங்குப் பேரவைகளும் பள்ளிகளும், காலில் என்ன குறி இருக்கிறது என்பது ஆட்டத்தில் இடம் தரவோ மறுக்கவோ கூடாது என்று வெளிப்படையாக முடிவெடுக்கட்டும். கிழிந்ததைத் தைத்துப் போடுவது அவமானம் அல்ல என்பதை மூத்த வீரர்கள் தங்கள் காலாலேயே காட்டட்டும். ஒரு சோடி ஓட்டக் காலணி செய்ய ஏறக்குறைய 14 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2013-ல் கணக்கிட்டார்கள். புது மாடல் வந்துவிட்டதென்று நல்ல காலணியைத் தூக்கி எறிந்தால், அதன் நுரை அடிப்பகுதி மக்காது, மிதக்கும், அலை கொண்டுவந்து சேர்க்கும். 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகளைக் குமரிக் கரையில் குனிந்து பொறுக்கியவர்களுக்கு, தொலைவில் விழும் பிளாஸ்டிக் எங்கே வந்து சேரும் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பிமாரே, பிடித்த காலணியைப் போடுங்கள், நன்றாக ஆடுங்கள். ஆனால் ஒரு நாள் அதன் நாக்கைப் புரட்டி உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். நாட்டின் பெயர் இருக்கும். ஊரின் பெயர் இருக்காது, தைத்தவரின் கூலி இருக்காது. கூடையில் உள்ள மீனை விலை பேசாமல் தூக்கிக் கொடுப்பதை இந்தக் கரை நிறுத்தி ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. அந்தச் சீட்டில் இல்லாததைக் கேட்கத் தொடங்குங்கள். பதில் சொல்கிறவருக்கு உங்கள் விசுவாசத்தைத் தருவதா வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம்.