எண்ணிக்கைக்கு அல்ல, குதிரைக்கு

அமெரிக்காவின் பிரேயர் நிறுவனம் 1950இல் ஒரு கடிகாரத்துக்கு அலங்காரமாகச் செய்த பொம்மைக் குதிரை, கடிகாரத்தை விட்டு இறங்கித் தனியே புகழ்பெற்றது. இன்று ஆண்டுதோறும் ஜூலையில் கென்டக்கியின் லெக்சிங்டனில் அந்நிறுவனத்தின் பொம்மைக் குதிரைகளுக்காக நடக்கும் பிரேயர்ஃபெஸ்ட் விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். அங்கு மட்டுமே கிடைக்கும் குறைந்த எண்ணிக்கைப் பதிப்புகளுக்காக நீண்ட வரிசை நிற்கிறது. வாங்கிய கையோடு கூடுதல் விலைக்கு விற்பவர்களும் அந்த வரிசையில் உண்டு. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பிரேயர் குதிரையின் மதிப்பு பதிப்பின் எண்ணிக்கையில் இல்லை. சிற்பி பிடித்துவைத்த தோள்பட்டையின் சாய்விலும், முழங்கால் மூட்டிலும், உடலெங்கும் கையால் ஏற்றிய வண்ணத்திலும் இருக்கிறது. உண்மையான சேகரிப்பாளர்கள் இதை அறிவார்கள். சாதாரணப் பதிப்பொன்றை வாங்கி, பழைய வண்ணத்தைச் சுரண்டி, கழுத்தைத் திருப்பி, புதுக்குதிரையாக்கிப் பொம்மைக் குதிரைப் போட்டிகளுக்குக் கொண்டுவருகிறார்கள். நடுவர்கள் அங்கே உடற்கூற்றையும் இனத்தின் இலக்கணத்தையும் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். இன்னொன்று: இந்தக் குதிரைகளில் பல செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து, காடி வாடை வீசும்; வடிவமும் கோணும். பெட்டியைப் பிரிக்காமல் பரணில் பூட்டிவைத்தால் விலை ஏறும் என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்குங்கள், வெளியே எடுங்கள், வெயில் படாத அலமாரியில் நிறுத்துங்கள், குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.