வள்ளி மணாளனின் பக்தர்கள்

ஆடிக் கிருத்திகை வந்தால் கே.ஜி.கண்டிகைப் பக்கமிருந்தும் காவடிகள் திருத்தணி மலைக்குப் புறப்படும். கவுச்சி கிடையாது, செருப்பு கிடையாது, 365 படிகளும் வெறுங்காலில். விரதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மலையில் முருகன் மணந்தது வேடர் வீட்டில் வளர்ந்த வள்ளியை என்பது தலக்கதை. ‘வள்ளி மணாளா’ என்று உருகுகிறவரின் மகன் காலனிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள நினைத்தால் வீட்டில் என்ன நடக்கும்? நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்தி பொய் என்று சொல்லமாட்டேன். விரதம் இருந்தால் ஊரில் மதிப்பு கூடும். எல்லா உயிரிலும் அவனே இருக்கிறான் என்பதை நம்பி நடந்தால், பாட்டன் காலத்து மேலிடம் போய்விடும். அதனால் முதலாவது நடக்கிறது. இரண்டாவது பிரசங்கத்தோடு சரி.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரலில் கும்பிடப் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடுதான் அவர்களால் உள்ளே போக முடிந்தது. ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்த மாநிலம் இது. சபை நடுவே அவமானப்பட்ட ஒரு பெண்தான் அங்கே தெய்வம் என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

காவடி எடுக்கும் அண்ணன்மார்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி காலனித் தெருவுக்கு வருகிறதா?