ஊசி வேலைக்கு என்ன விலை?

ஊரில் ஒரு தையற்கூடம் அமைக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். உடனே மாதர் சங்கத்துச் சகோதரிகள் பத்துப் பேர் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் கூடி, பையும் மேஜை விரிப்பும் தைத்து விற்பனைக்கு வைக்கிறார்கள். போற்றத்தக்க காரியந்தான். ஆனால் விலை குறிக்கும்போது துணிக்கும் நூலுக்கும் ஆன செலவின்மேல் ஏதோ கொஞ்சம் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். "நம் உழைப்புத் தர்மத்துக்குத்தானே!" என்பது அவர்கள் வாதம். அங்கேதான் எனக்கு ஓர் ஆட்சேபம். அதை விளக்க நேயர்களைச் சற்றே தர்மபுரி ஜில்லாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினரே அங்கு அதிகம். (கேரள தேசத்தாரல்லர், மலைவாசிகள் என்பதே பொருள்.) அவர்களுடன் லம்பாடி ஜனங்களும் தாண்டாக்களில் வசிக்கிறார்கள். லம்பாடிகளின் முன்னோர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றித் தேசமெங்கும் திரிந்த வணிகர்கள். ரயில் வந்தது, பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. பெண்களின் பாவாடையிலும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் பதித்துச் செய்த தையல் வேலை மட்டும் நெடுநாள் நிலைத்தது. பின்னர் அவர்களும் புடவைக்கு மாறவே, அதுவும் மறையத் தொடங்கிற்று. மழை பொய்த்த வருஷங்களில் திருப்பூருக்கும் பிற ஊர்களுக்கும் கூலி தேடிப் போவது வழக்கமாயிற்று.

அப்பள்ளத்தாக்கில் 1993-இல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியவர்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதிகள். மருந்தோடு பிழைப்புக்கும் வழி தேடியபோது இந்தத் தையல் லலிதா அம்மையாரின் கவனத்துக்கு வந்தது. அதை அறிந்த மூதாட்டிகள் ஓரிருவரே அகப்பட்டார்கள். அவர்களிடம் இளம்பெண்கள் பாடம் கேட்டார்கள். 2006-இல் 'போர்கை' என்ற கைவினைஞர் சங்கம் பிறந்தது. லம்பாடி பாஷையில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள். ஊரைவிட்டுப் போகாமலே பெண்கள் சம்பாதிக்க அது வழி செய்தது.

இப்போது என் ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஒரு விரிப்புக்குத் துணியும் நூலும் 60 ரூபாய், ஆறு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். சங்கத்துச் சகோதரிகள் அதை 100 ரூபாய்க்கு விற்றால் உழைப்புக்கு மணிக்கு 7 ரூபாய்கூட ஆகவில்லை. அவர்களுக்கு நஷ்டமில்லை, வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் அதை வாங்கிச் சென்றவர், தையலையே நம்பியிருக்கும் பெண்ணிடம் நியாய விலை கேட்டதும், "இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிறார். தர்மத்துக்குக் கொடுத்த உழைப்பு இன்னொருத்தியின் கூலியைக் குறைத்துவிடுகிறது!

இது புதிய வழக்கன்று. 1925-இல் ஏற்பட்ட அகில பாரத சர்க்கா சங்கத்திலும் இதே விவகாரம் எழுந்தது. நூற்பவர்களுக்குக் கிடைத்தது அற்பக் கூலி. 1935-இல் காந்தியடிகள், எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணாவாவது தரவேண்டும் என்றார். விலை ஏறினால் கதர் விற்காதே என்று ஊழியர்கள் பலர் அஞ்சினார்கள். எட்டணா உடனே கைகூடவில்லை. ஆயினும் கூலியை உயர்த்துவதென்றே சங்கம் தீர்மானித்தது.

ஆகவே, சகோதரிகள் விலைச்சீட்டில் துணி, நூல், கூலி என்று மூன்றையும் தனித்தனியே எழுதட்டும். கூலித் தொகையைத் தாங்கள் பெறாமல் தையற்கூட நிதியில் வரவு வைக்கட்டும். பத்து விற்குமிடத்தில் ஐந்தே விற்றாலும் நிதிக்குக் குறைவு வராது. வாங்குகிறவர் பேரம் பேசினால், கூலி என்ற வரியைச் சுட்டிக்காட்டி, அதில் எத்தனை மணி நேரத்தைக் குறைக்கலாம் என்று அவரையே கேட்கலாம்.